ஓரத்தில் ஒரு ‘ல’

துறைமுக ஊருக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்த பெரியப்பா, யார் என்ன கேட்டாலும் “நல்லா இருக்கான்” என்ற ஒரே பதிலைச் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். போன வாரம் அதோடு நிறுத்தியிருந்தோம். அதற்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மனைவியிடம் மட்டும் அவர் முழுவதையும் சொன்னார்.

அங்கே கிரேன் ஓட்டும் தம்பி இன்னொருத்தியோடு வீடு எடுத்துக் குடியிருக்கிறான். இந்த வீட்டுப் பின்னறையில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் காத்திருப்பது அவனுக்கு மறந்துபோகவில்லை. ஆனால் அவர்களிடம் திரும்பி வருவதாகவும் இல்லை. வருஷம் பிறந்ததும் புதியவளை இங்கே அழைத்துவந்து கொஞ்ச நாள் தங்கலாமா என்று அண்ணனிடமே கேட்டிருக்கிறான்.

கிறிஸ்துமஸ் முடியும்வரை யாரும் வாய் திறக்க வேண்டாம் என்று பெரியம்மா முடிவு செய்தாள். இரக்கம் ஒன்றும் இல்லை. வீட்டு முன்னறையில் அவள் பார்லர் நடத்தினாள். பண்டிகை நேரத்தில் அங்கே மூச்சுவிட நேரமிருக்காது. அடுப்படியும் துணி துவைப்பதும் முழுக்கத் தம்பி மனைவியின் தலையில்தான் இருந்தன. அழுகிற பெண்ணை வைத்துக்கொண்டு வேலை வாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒன்றும் தெரியாத அந்த மூன்று பேரும் பின்னறை மேசையில் செய்தித்தாளை விரித்து, அப்பாவுக்குக் கடிதத்தாள் செய்ய உட்கார்ந்தார்கள்.

அம்மா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். புத்தகம் வெட்டியதில் மிஞ்சும் தடித்த தாள்களைக் கேட்டு வாங்கி, கட்டிலுக்கடியில் வருஷம் முழுக்கச் சேர்த்து வைப்பாள். டிசம்பரில் அவை வெளியே வரும். அகலமான தட்டில் ஆறிய டீத்தண்ணீர். அதில் தாளை முக்கி எடுத்து, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் காய்ந்ததும் பழுப்பேறி, பார்க்கப் பழைய ராஜாக்களின் ஓலை மாதிரி இருக்கும் என்பது பிள்ளைகளின் அபிப்பிராயம். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டிய முகத்தில் நட்சத்திரம் செதுக்கி, வாட்டர் கலரில் ஒற்றி ஓரத்தில் வரிசையாக அச்சுக் குத்துவார்கள். கோடு போடுவதற்கு மட்டும் அம்மா யாரையும் விடமாட்டாள். மை தீர்ந்த பேனாவை அழுத்தி இழுப்பாள். கண்ணுக்குத் தெரியாது. எழுதும்போது பேனா தானாக அந்தப் பள்ளத்தில் ஓடும்.

“அப்பா கோணலா எழுதுவார். பதில் எழுதறப்ப இதுல எழுதினா நேரா வரும்” என்றாள்.

போன வருஷம் பதில் வரவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மூத்தவளுக்கு வீட்டில் ‘வக்கீல்’ என்று பெயர். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்கிறாள் என்று அப்பா வைத்தது. பதினோரு வயது. அடுத்தவன் பொடியன். முன்பல் விழுந்து, அந்த ஓட்டைக்குள் நாக்கை விட்டுப் பார்ப்பதே இந்த வாரம் அவனுக்கு முழுநேர வேலை. நாக்கு வெளியே வந்தால் அவன் கவனமாகச் செதுக்குகிறான் என்று அர்த்தம்.

பெரியம்மா கையுறையோடு வாசற்படியில் வந்து நின்றாள். பொதுவாக அவள் பின்னறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கொடியில் தொங்கிய தாளை நுனிவிரலால் தொட்டுப் பார்த்தாள். தனக்கும் ஒரு கட்டு வேண்டும் என்றாள். பார்லருக்கு வருகிற ஒரு டாக்டர் வீட்டம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாம். கடையில் வாங்கினால் எல்லாரும் கொடுப்பது மாதிரி இருக்கும், கையால் செய்தது என்றால் மதிப்பு. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அந்த அம்மாளின் பெயரின் முதலெழுத்து, ‘ல’, வர வேண்டும். கட்டுவதற்கு ஊதா ரிப்பன் ஒன்றையும் கொண்டுவந்திருந்தாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஓரகத்தி அவளிடம் வேலை சொல்லியிருக்கிறாள், ஒன்றைக் கேட்டதில்லை. இருப்பதிலேயே நல்ல தாள்களை, அப்பாவுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தவற்றை, அம்மா அந்தக் கட்டுக்கு ஒதுக்கினாள்.

“அது அப்பாவுக்குன்னு சொன்னியே” என்றாள் வக்கீல்.

“அப்பா நம்ம மனுஷர். எதுல எழுதினாலும் படிப்பார்.”

எழுத்தைத் தானே செதுக்குவேன் என்று பொடியன் அடம்பிடித்தான். செதுக்கி ஒற்றியபோது ‘ல’ திரும்பிக்கொண்டு நின்றது. அவன் முகம் சுருங்கியது. கிழங்கில் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும் என்று அம்மா கண்ணாடியில் காட்டிப் புரியவைத்தாள். இரண்டாவது கிழங்கில் சரியாக வந்தது. கொஞ்சம் குண்டான, ஒரு பக்கம் சாய்ந்த ‘ல’. அதை அவன் தாள்தாளாகக் குத்தினான். ஒவ்வொன்றையும் ஊதி ஊதிக் காயவைத்தான்.

வக்கீலுக்கு மட்டும் ஒன்று இடித்தது. பார்லருக்கு வருகிற டாக்டர் வீட்டம்மா ஒருவர்தான், கண் டாக்டருடைய மனைவி. அவர் பையில் பெயரைப் பூத்தையலில் போட்டிருக்கிறார். அது ‘சா’வில் ஆரம்பிக்கிறது.

வேறு டாக்டராக இருக்கும் என்றாள் அம்மா, மைதா பசையைக் கிண்டிக்கொண்டே. எல்லாவற்றுக்கும் விசாரணை வைத்தால் பண்டிகை போய்விடும் என்று சொல்லி, கட்டி முடித்த கட்டை அவளிடமே கொடுத்து அனுப்பினாள்.

பார்லரில் வாடிக்கையாளர் யாருமில்லை. பெரியம்மா தன் தலைக்கே சாயம் பூசிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் கையுறை, கறுப்புக் கறுப்பாகச் சாயம். அதனால் செல்போனை அலமாரியில் சாய்த்து, ஒலிபெருக்கியில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். திரைச்சீலையை விலக்கிய வக்கீலுக்கு முதலில் கேட்டது அப்பாவின் குரல்.

“ரெடியாயிடுச்சா அண்ணி? இவ தினமும் கேட்டுட்டே இருக்கா.”

“நான் எங்க தினமும் கேட்டேன்?” என்று அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் சிரித்தாள்.

பெரியம்மா கண்ணாடியில் சிறுமியைப் பார்த்துவிட்டாள். போனை அணைக்கக் கை நீளவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே, “இதோ, உன் பொண்ணே கொண்டு வந்துட்டா. பேசறியா?” என்றாள்.

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வக்கீல் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். யார் அது என்று கேட்டாள்.

“உங்கப்பாகூட இருக்கறவ.”

“கூடன்னா?”

“வக்கீலுக்கு இதைக்கூடவா விளக்கணும்? உங்கம்மா இருந்த இடத்துல இப்ப அவ இருக்கா. அவ பேருலதான் ‘ல’ வருது.”

பெரியம்மா சீப்பால் வகிடு எடுத்து அடுத்த பக்கத்துக்குச் சாயம் பூச ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. அப்பா இனி வரமாட்டார் என்பதையும், வந்தாலும் யாரோடு வருவார் என்பதையும், நாளைய சமையலைச் சொல்வதுபோலச் சொன்னாள். சிறுமி வாசலை நோக்கித் திரும்பியபோதுதான் நிறுத்தினாள்.

“போய்ச் சொல்லணும்னா சொல்லு, நான் தடுக்கல. ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோ. நீ வாயைத் தொறக்கற வரைக்கும் உங்கம்மா சிரிச்சிட்டிருப்பா. தொறந்ததும் அழுவா. அப்ப அவளை அழவச்சது யாரு? நானா?”

வக்கீல் கட்டை அலமாரியில் வைத்தாள்.

“கவர் கம்மியா இருக்கு. இன்னும் கொஞ்சம் ஒட்டிக் கொண்டு வரச் சொல்லு” என்றாள் பெரியம்மா.

பின்னறையில் அம்மா ஆவலாக நிமிர்ந்து பார்த்தாள். பிடித்ததா என்று கேட்டாள்.

“பிடிச்சிருக்காம். கவர்தான் பத்தலையாம்.”

“நான் அப்பவே நினைச்சேன்” என்று அம்மா சந்தோஷமாகக் கத்தரிக்கோலை எடுத்தாள். பழைய உறை ஒன்றைப் பிரித்து, அதைத் தாள்மேல் வைத்து வரைந்து, வெட்டி, மடித்து, விளிம்பில் பசை தடவி ஒட்டினாள். வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். வக்கீலால் அந்தப் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை. அம்மாவைப் பார்க்கவும் முடியவில்லை. எதிரே பொடியன் இருந்தான்.

அவன் தன் தாளில் அப்பாவுக்கு எழுதிக்கொண்டிருந்தான். ‘அப்பா எனக்குப் பல் வி’ என்பதோடு நின்று, அடுத்து ‘ழு’வா ‘லு’வா என்று அக்காவிடம் கேட்டான்.

“எதைப் போட்டா என்ன? படிக்கவா போறார்?”

“போன வருஷம் படிச்சாரே.”

“யார் சொன்னா? உன் கையெழுத்தைப் பாத்தா அசிங்கமா இருக்காம். அதனாலதான் அப்பா வீட்டுக்கே வரமாட்டேங்கறார்.”

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று அவளுக்கே தெரியாது. சொல்லி முடித்ததும் நெஞ்சில் இருந்த கனம் ஒரு நொடி குறைந்தது போல் இருந்தது. அது பிடித்திருந்தது. அதனால் இன்னும் கொஞ்சம் செய்தாள். அவன் தாளை இழுத்து டீத்தண்ணீர்த் தட்டில் போட்டு, விரலால் அழுத்தினாள். எழுத்து கலங்கி நீலமாகப் பரவியது.

பொடியன் அழவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் வலதுகையைத் திருப்பி, தப்பு அங்கே எங்காவது ஒட்டியிருக்கிறதா என்பதுபோலப் பார்த்தான்.

“நிஜமாவாக்கா?”

அம்மாவின் கை பாய்ந்து வந்தது. அவள் இதுவரை பிள்ளைகளை அடித்ததில்லை. விரல்களில் இருந்த பசை அப்படியே வக்கீலின் கன்னத்தில் படிந்தது. மன்னிப்புக் கேள் என்றாள். வக்கீல் சுவரைப் பார்த்து “மன்னிச்சுக்கோ” என்றாள். ஏன் அப்படிச் செய்தாய், உனக்குள் என்ன பேய் புகுந்தது என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். பெண் வாயே திறக்கவில்லை. கன்னத்தையும் துடைக்கவில்லை.

பிள்ளையை அடித்த கையால் அம்மாவுக்கு அதன்பிறகு ஓர் உறைகூட நேராக மடிக்க வரவில்லை. கைகழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கொஞ்சம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒட்டிய வரையில் உறைகளை எடுத்துக்கொண்டு தானே முன்னறைக்குப் போனாள்.

பெரியம்மா தலையைக் கழுவித் துவாலை சுற்றியிருந்தாள். உள்ளே வந்தவளின் சிவந்த கண்களைப் பார்த்தாள். கேட்க வேண்டியதே இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“சொல்லிட்டாளா? அதுவும் நல்லதுதான், என் வேலை மிச்சம்.”

அம்மாவுக்குப் புரியவில்லை. பொடியன் விஷயத்தைத்தான் சொல்கிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இவளுக்கு அது எப்படித் தெரியும்? அச்சகத்தில் புரியாத வரி வந்தால் அவள் உடனே பேனாவை வைக்கமாட்டாள், அடுத்த வரியையும் படித்துப் பார்ப்பாள். இப்போதும் அடுத்த வரிக்குக் காத்திருந்தாள்.

“அவனைத் திட்டிப் பிரயோஜனமில்ல. ஆம்பளை தனியா இருந்தா இப்படித்தான் ஆகும். உன்னை இன்னைக்கே பின்னறையைக் காலி பண்ணுன்னு சொல்லல. வருஷம் பொறக்கட்டும். அவங்க ரெண்டு பேரும் வந்தா தங்க இடம் வேணும்ல?”

அம்மா கையிலிருந்த உறைகளை அலமாரியில் வைத்தாள்.

“ஊர்ல இருக்கற தப்பையெல்லாம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத் தேடறவ நீ. வீட்டுல இருந்தது கண்ணுல படல பாரு” என்று பெரியம்மா துவாலையால் காதோரத்தைத் துடைத்தாள்.

அலமாரியில் ஊதா ரிப்பன் கட்டிய கட்டு இருந்தது. அம்மா அதையே பார்த்தாள். ரொம்ப மரியாதையாக, ஒன்று கேட்டாள்.

“அக்கா, இந்தத் தாள் அவளுக்கா?”

“ஆமா.”

“என் பசங்க செஞ்சதுன்னு அவளுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுதானே கேட்டா. போன வருஷம் நீங்க அனுப்பினீங்களே, அதோட பின்பக்கத்துலதான் மளிகைச் சாமான் எழுதறாளாம். அது தீர்ந்துபோச்சாம். அழகா இருந்துச்சு, கிறிஸ்துமஸுக்கு அதுவே போதும், வேற ஒண்ணும் வேணாம்னுட்டாளாம்.”

பொய்யில்லை. கோபமூட்டச் சொன்னதுமில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அதனாலேயே அம்மாவால் அதை எந்தப் பக்கமும் தள்ளிவிட முடியவில்லை. போன டிசம்பரில் பொடியனுக்குத் தன் பெயரைத் தவிர எதுவும் எழுதத் தெரியாது. தாள் முழுக்கக் கிரேன் வரைந்து, உச்சியில் அப்பாவை உட்காரவைத்திருந்தான். அதன் பின்பக்கத்தில் இப்போது வெங்காயமும் சோப்பும்.

அவள் ரிப்பனை அவிழ்த்தாள். உறைகளைத் தாள்களின்மேல் சேர்த்து வைத்து, நான்கு மூலையும் தட்டிச் சமமாக்கி, மறுபடி ரிப்பனைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“எங்க எடுத்துட்டுப் போற?”

“தபால்ல போனா மடங்கிடும்க்கா. நானே கொண்டு போய்க் குடுத்துடறேன்.”

பெரியம்மாவின் முகத்தில் முதன்முதலாக ஒரு தடுமாற்றம் தெரிந்தது. துவாலை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அப்படியென்றால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, தன்னால் முடியாது என்றாள்.

“அவங்களும் வராங்க” என்று அம்மா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போனாள். பின்னால் பெரியம்மா போனில் கடைக்குப் போயிருந்த பெரியப்பாவை உடனே வரச் சொல்லும் சத்தம் கேட்டது.

பின்னறையில் அம்மா பரண்மேல் இருந்த பையை இறக்கினாள். அதன் தூசியைத் தட்டும்போதுதான் மகளின் கன்னத்தைப் பார்த்தாள். பசை காய்ந்து, விரல் தடம் வெள்ளையாக நின்றது.

“உனக்கு எப்ப தெரியும்?”

“பார்லருக்குப் போனப்ப.”

“நான் அடிக்கறப்ப தெரியுமா?”

“ம்.”

“வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

சொன்னால் தான்தான் அம்மாவை அழவைத்தவள் ஆவேன் என்று பெரியம்மா சொன்னதை வக்கீல் அப்படியே ஒப்பித்தாள். சொல்லும்போது ஓர் அடி முன்னால் வந்தாள். அணைத்துக்கொள்வாள் என்று நினைத்தாள்.

அம்மா பையின் ஜிப்பைத் திறந்தாள்.

“அழறேனா பாரு. முகத்தைக் கழுவிட்டு வா. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கணும்.”

அப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்றதும் பொடியன் நாற்காலியிலிருந்து குதித்தான். உடனே நின்றான். தன் எழுத்து அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லையா என்று கேட்டான்.

பரவாயில்லை என்றாள் அம்மா. அவன் குத்திய அச்சு அந்த ஊரில் ஒருத்தருக்கு ரொம்பவே பிடித்துப் போயிருக்கிறதாம், அவனைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்களாம். அவன் பல்லில்லாமல் சிரித்தான். கட்டைத் தானே தூக்கி வருவதாகச் சொல்லிவிட்டு, நல்ல சட்டையைத் தேடி அலமாரிக்கு ஓடினான்.

“தம்பி வேணாம்மா. நம்ம ரெண்டு பேர் மட்டும் போகலாம்” என்றாள் வக்கீல்.

“அவன்தானே அவ எழுத்தைச் செதுக்கினான். அவன் கையாலயே குடுக்கட்டும்.”

“அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அங்க போய்த் தெரிஞ்சா அழுவான்.”

அம்மா சின்னக் கால்சட்டை ஒன்றை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

“அழட்டும். அதை உங்கப்பா பாக்கட்டும்.”

வக்கீல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காலையில் பார்லர் கண்ணாடியில் பார்த்த பெரியம்மாவின் முகத்துக்கும் இதற்கும் கண், மூக்கு எதிலும் ஒற்றுமையில்லை. ஆனால் அவசரமே இல்லாத அந்த நிதானம் அதேதான். அவள் பின்வாங்கிச் சுவரில் சாய்ந்தாள்.

வாசலில் பெரியப்பாவின் பைக் வந்து நின்றது. முன்னறையில் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இந்தப் பக்கமாகக் காலடிச் சத்தம் வந்தது. அம்மா நடுக்கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். சந்துப் பக்கம் போகும் பின்கதவை அகலத் திறந்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

கதவு தட்டப்பட்டது. முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால்.

பொடியன் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தான். ஒரு பொத்தான் தவறி, சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கையில் கட்டு. அதைக் கீழே வைக்க மனமில்லாமல், போட்டுவிடும்படி வயிற்றைத் தள்ளிக்கொண்டு அக்காவின் முன்னால் நின்றான்.

வக்கீல் முட்டி போட்டு உட்கார்ந்தாள். எல்லாப் பொத்தானையும் கழற்றினாள். அடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போட்டாள். கழுத்துவரை நேராகவே வந்துவிட்டது.

“சீக்கிரம்க்கா. பஸ் போயிடும்.”

“இரு, கோணலா இருக்கு” என்றாள் அவள். போட்ட பொத்தானை மறுபடி கழற்ற ஆரம்பித்தாள்.